வெள்ளிக்கிழமைக் கற்பூரம்

சிறைச்சாலையில், எங்கள் பேச்சில் மறியலில், காவலன் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு, யார் குற்றவாளி என்று நாங்கள் யோசிக்கத் தேவையில்லை. ஒல்லாந்தர் காலத்துச் சுவர்களுக்குள் காக்கிச் சட்டையோடு நான் காலம் தள்ளினேன். மேலதிகாரிக்குத் தலையாட்டிப் பிழைத்த உங்களுக்கு என் நிலை விளங்கும்.

கதிரை

அறுபதுகளில் சின்னராசா என்ற பேர்போன சண்டியன் எங்களிடம் வந்தான். கோயில் திருவிழாவில் ஒருவனை வெட்டிக் கொன்ற வழக்கு. நீர்வேலியில் அவனுடைய வாழைத்தோட்டத்தில் கூலி வேலை செய்த செல்லத்துரையையும் அதே வழக்கில், தீர்ப்பு வரும்வரை, கூடவே விளக்கமறியலில் போட்டிருந்தார்கள். செல்லத்துரை தரையில் குந்தியிருக்க, எங்கள் ஜெயிலர் சண்டியனுக்கு உட்காரக் கதிரை போடச் சொன்னார். கைதிக்குக் கதிரை எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன்.

"சட்டம் புத்தகத்திலை இருக்கு. உவன் வெளியிலை போனால் என்ரை வீட்டடியாலைதான் போவான்," என்றார்.

பக்தி

இரண்டு மாதத்தில் சின்னராசா திருநீறு பூசத் தொடங்கினான். வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்குக் கொளுத்த ஒரு கட்டிக் கற்பூரம் வேண்டும் என்று கெஞ்சினான். ஆள் திருந்திவிட்டான் என்று நானும் உருகிப்போய்க் கடையில் வாங்கிவந்து, என் கையாலேயே கொளுத்தியும் கொடுத்தேன்.

அவன் கும்பிடவில்லை. செல்லத்துரையை இழுத்து முன்னால் நிறுத்தினான். செல்லத்துரை, வெட்டியது தான்தான் என்று வழக்கில் ஒப்புக்கொள்வதாகச் சத்தியம் செய்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு செல்லத்துரையைத் தனியே பிடித்து, உண்மையைச் சொல்லடா என்று மன்றாடினேன்.

"கற்பூரம் அணைச்சிட்டன் அண்ணை. இனி மாறிக் கதைச்சால் என்ரை பிள்ளையளின்ரை தலையிலைதான் விடியும்," என்றான்.

தீர்ப்புக்கு மறுநாள்

செல்லத்துரைக்கு இருபது வருசம். விடுதலையான சின்னராசாவை அவனுடைய ஆட்கள் மாலை போட்டுக் கூட்டிப்போனார்கள். தீர்ப்புக்கு முன்பே நான் மேலிடத்தில் சொல்லியிருக்கலாம். கற்பூரம் உள்ளே வந்தது எப்படி என்று கேட்பார்கள், வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் செல்லத்துரையின் மனைவி அவனைப் பார்க்க வந்தாள். புருசன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான், என் பெயரை மட்டும் சொல்லவில்லை. திரும்பிப் போகும்போது வாசலில் என் முன்னால் நின்றாள்.

"ஐயா, நீங்கள் உள்ளுக்கை வேலை செய்யிறனீங்கள். அந்தக் கற்பூரத்தை வாங்கிக் குடுத்த பாவி ஆர்?" என்று கேட்டாள்.

சேவைக் காலத்தில் ஒரு குற்றவாளியைக்கூடத் தப்பவிடாத காவலன் என்று நற்சான்றிதழ் எழுதித்தான் என்னைப் பென்சனில் அனுப்பினார்கள்.