சேலை வெட்டாத சிலை

தனகோடி துணியில்லாமல் நின்றாள் என்று சொல்கிற வாய் யாருடையதாக இருந்தாலும் அது பொய் வாய். குழாயடியில் கன்னியம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“போட்டோலதான் நல்லாத் தெரியுதே யக்கா. இன்னாத்த மறைக்கிற?”

“அதுல கீறது கல்லுடி. எம் மருமவ இல்ல.”

“மூஞ்சி அவளுது. மீதி யாருது?”

குழாயடியே சிரித்தது. சிலை செதுக்கிய அன்றைக்கு அவர்கள் யாரும் பட்டறையில் இல்லை. நான் இருந்தேன்.

தொண்ணூற்று நாலில் ஒரு ஜெர்மன்காரர் மாமல்லபுரத்துக்கு வந்தார். அவர் ஊர்ச் சந்தைத் திடலில் ஒரு நீரூற்று கட்டுகிறார்களாம். நடுவில் குடத்தோடு ஒரு பெண் சிலை, அந்தக் குடத்திலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அம்மன் முகம் வேண்டாம், நிஜமாகத் தண்ணீர் தூக்குகிறவள் முகம் வேண்டும் என்றார். என் மகன் சம்பத்துக்குத்தான் அந்த வேலை வந்தது. அவனே வீட்டுக்கு வந்து, பார்த்துச் செதுக்க வந்து நில் என்று பெண்டாட்டி தனகோடியைக் கூப்பிட்டான்.

“எனக்கு வெக்கமா கீதுய்யா” என்றாள்.

“வேற யார் பொண்டாட்டியப் போயி நா கேக்கறது?”

சோற்றுத் தூக்கோடு நானும் கூடப் போய் உட்கார்ந்தேன். அவள் உடம்பில் பச்சை நூல் சேலை, இடுப்பில் பித்தளைக் குடம். சுற்றிலும் ஆட்கள் உளி தட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணில் கல்தூசி விழுந்து அவள் கண்ணீர் விட்டாள். அங்கே நடந்தது அவ்வளவுதான்.

சிலை செய்கிறவர்கள் முதலில் உடம்பைத்தான் உருட்டி எடுப்பார்கள். அது வழவழப்பாக வந்த பிறகுதான் அதன்மேல் சேலைக் கரையும் மடிப்பும் கோடு கோடாக வெட்டுவார்கள். அம்மன் சிலைக்கும் அதுதான் முறை. சம்பத் சேலைக்குக் கரிக்கோடு போட்டு வைத்திருந்த நேரம் ஜெர்மன்காரர் வந்தார். இதுவே அழகு, இதற்குமேல் உளி படக்கூடாது என்றார். பட்டறை முதலாளி, “கேக்கறவன் அவன், நமக்கு இன்னா? ஏத்துடா” என்றார். சம்பத் ஈரத்துணியால் கரிக்கோட்டைத் துடைத்துவிட்டு, சிலையை லாரியில் ஏற்றினான்.

இரண்டு வருஷம் கழித்து அங்கிருந்து ஒரு கலர் போட்டோ வந்தது. நீரூற்று நடுவில் சிலை, சுற்றிலும் ஜனங்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு. பனிக்காலத்தில் சிலையைப் பலகை அடித்து மூடிவிடுவார்களாம். அந்த ஊரிலாவது மூடுகிறார்களே. இங்கே முதலாளி அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு ரோட்டைப் பார்க்க மாட்டினார். அதைக் காட்டித்தான் அடுத்த ஆர்டர் பிடித்தார்.

“சேலை வேலைய முடிக்காம அனுப்பிட்டோம்னு நாலு பேர் எதுர்ல ஒரு வார்த்த சொல்லு” என்று தனகோடி புருஷனிடம் கேட்டாள், கெஞ்சினாள். அவன் மாட்டேன் என்றான். அரைகுறை வேலையைக் கப்பலேற்றினவன் என்று மற்ற சிற்பிகள் பேசுவார்களாம். தன் பேர்தான் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

பிறகு ஒரு நாள் டீக்கடையில் எவனோ, “மச்சான், உன் ஊட்டம்மா ஜெர்மனில குளிச்சிகினு கீறாங்களாமே” என்றிருக்கிறான். சம்பத் நேராக வீட்டுக்கு வந்தான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“உண்மையச் சொல்லு. நா கல்லு பாக்கப் போன நேரத்துல அந்தாளு எதுர்ல எப்பிடி நின்ன?”

கரிக்கோட்டைத் துடைத்த கை அவனுடையது. அவன் கேட்கிறான்.

“நா கூடவே குந்திகினு இருந்தேன்டா” என்று கத்தினேன்.

தனகோடி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “கல்லுல பொடவ வெட்டாம உட்ட. சரி, மொதலாளி சொன்னாரு. இதக் கேக்கச் சொல்லி உனுக்கு யாருய்யா சொன்னது?” அவள் துணிப்பையை எடுத்தாள்.

“நீ ஏண்டி போற? அவனப் போவச் சொல்றேன்.”

“அவுரு போனா நாளைக்கும் நான்தான அத்தே அந்தக் கொழாயில தண்ணி புடிக்கணும்?”

பின்பக்கம் சந்து இருக்கிறது, யார் கண்ணிலும் படாமல் பஸ்ஸுக்குப் போகலாம். அவள் முன்வாசலில் இறங்கி, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டு, குழாயடி வழியாகவே நடந்தாள்.