மாதா கத்தினாங்களா?

வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் முக்கக்கா. பிரசவ அறையில் நின்று "முக்கும்மா, முக்கு!" என்று அவள் போடும் சத்தம் வண்டி நிறுத்துமிடம் வரை கேட்கும். யாரோ கேலிக்கு வைத்த பெயர், முப்பத்தொரு வருஷத்தில் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் ஒரு கோபமும் இல்லை. "என்னன்னு வேணா கூப்பிடுங்க. கூப்பிட வேண்டிய நேரத்துல கூப்பிடுங்க, அது போதும்" என்பாள்.

வாய் கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கைராசிக்காரி. அவளிடம் வண்டி வண்டியாகத் திட்டு வாங்கிப் பெற்றுக்கொண்டு போனவர்கள் அடுத்த பிள்ளைக்கும் அவளையே தேடி வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அந்த வாய்க்குத்தான் போன மாதம் பூட்டு விழுந்தது. பிரசவம் இழுத்தடித்தால் அவள் உதடு தன்னை அறியாமல் குர்ஆன் ஓத ஆரம்பித்துவிடும். ஒரு குடும்பத்துக்கு அது பிடிக்கவில்லை, புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கண்காணிப்பாளர் கூப்பிட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். இனி பிரசவ அறையில் மதம் சம்பந்தமாக ஒரு பேச்சு எழுந்தாலும் வேலையை விட்டு அனுப்பிவிடுவோம் என்று அதில் இருந்தது. "மயக்க ஊசி போட்டாத்தான் என் வாய் மூடும்" என்று வெளியே வந்து வீரம் பேசினாளே தவிர, வீட்டுக்குப் போய் முகத்தைத் தலையணையில் புதைத்து அழுதாள். புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். மகள் வேறு ஊரில். இந்த மூன்று கட்டிலும் பச்சைத் திரையும் இல்லையென்றால் அவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

அதனால் அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு நடுக் கட்டிலில் கிடந்த பெண்ணைப் பார்த்தபோது முக்கக்கா பல்லைக் கடித்துக்கொண்டுதான் வேலை செய்தாள்.

அந்தப் பெண் அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவள். வயது இருபத்திரண்டு, தலைப்பிரசவம். கல்யாணமாகி ஆறு மாதம்தான், வயிற்றிலோ நிறைமாதம். துணைக்கு ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்பது ஆஸ்பத்திரி விதி. அந்த இடத்தை மாமியார் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். தலைமாட்டில் விறைப்பாக உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கான புருஷன் நகக்கண்ணில் கிரீஸோடு வெளியே நடந்துகொண்டிருந்தான்.

கருப்பை வாசல் முழுக்கத் திறந்தாயிற்று, தலைமுடி தெரிகிறது, வலி அலை அலையாக வருகிறது. எல்லாம் சரி. ஆனால் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. முனகல்கூட இல்லை. வலி ஏறும்போதெல்லாம் தாடையைப் பூட்டி, மூச்சைப் பிடித்து, உடம்பையே இறுக்கி மேல்நோக்கி இழுத்தாள்.

"கத்தும்மா! இங்க யாரு உன்னைப் பார்த்துச் சிரிக்கப் போறா? வாய் இறுகினா வழியும் இறுகும். விட்டுட்டு முக்கு!"

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். மாமியார் குனிந்து அவள் காதில் சொன்னது முக்கக்காவுக்கும் கேட்டது.

"கத்தாதே. மாதாவை நினைச்சுக்கோ. அவங்க பாவமே அறியாதவங்க, அதனால வலியே இல்லாம பெத்தாங்க. நமக்கு இருக்கிற வலி நம்ம பாவத்துக்கு. வாயை மூடிட்டுத் தாங்கிக்கோ, அதுவும் ஒரு ஜெபந்தான்."

அடிப்பாவி, இதைச் சொல்லவா இத்தனை நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய் என்று முக்கக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதக் கல்யாணத்தையும் நிறைமாத வயிற்றையும் சேர்த்து அந்த அம்மாள் பாவம் என்று சொல்லிவிட்டார். பெண்ணும் அதை நம்பிவிட்டாள். கத்தினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று கிடக்கிறாள்.

முக்கக்கா வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டாள். நூற்று நாற்பதில் ஓட வேண்டியது நூற்றுப் பத்தில் வந்து நின்றது. பெண்ணை இடப்பக்கமாகப் புரட்டி, மூக்கில் ஆக்ஸிஜன் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து கத்தினாள்.

"டாக்டரைக் கூப்பிடு!"

"தியேட்டர்ல இருக்காங்கக்கா. ஒரு கேஸ் ஓப்பன் பண்ணியாச்சு. இருபது நிமிஷமாவது ஆகும்" என்றாள் வராந்தாவில் நின்ற நர்ஸ்.

இருக்கிறது ஒரே தியேட்டர். திரும்பி வந்து கேட்டால் துடிப்பு தொண்ணூற்றெட்டு. வலி விட்ட பிறகும் ஏறவில்லை. இருபது நிமிஷம் இந்தப் பிள்ளை தாங்காது என்று முப்பத்தொரு வருஷத்துக் கை சொன்னது.

அவளிடம் ஒரு சொல் இருந்தது. தொண்டையில் வந்து நின்றது. அதைச் சொன்னால் வேலை போகும்.

அந்தச் சொல் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்றால், அவள் தன் மகளைப் பெற்றது ஒண்டியாக. புருஷன் கப்பலில். நாள் இன்னும் இருக்கிறது என்று அசட்டையாக இருந்தவளுக்கு ஒரு மதியம் திடீரென்று வலி எடுத்துவிட்டது. கதவு வரை போக முடியவில்லை. தையல் மிஷினின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு, செத்துத் தொலைந்திருக்கலாமே என்று கதறினாள். கதறிய வாய்க்கு உடனே பயம் வந்தது, பெறப்போகிற நேரத்தில் இப்படிச் சொல்லலாமா என்று. அப்போதுதான் குர்ஆனில் வரும் மர்யம் ஞாபகத்துக்கு வந்தார். அவரும் பிரசவ வலியில் இதையேதான் சொன்னார். அந்த நினைப்பில்தான் பயம் விட்டது, பிள்ளையும் வந்தது.

கருவியில் தொண்ணூறு.

போனால் போகட்டும், போ!

முக்கக்கா அந்தப் பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இங்க பாரு கண்ணு. உங்க மாதா எங்களுக்கும் வேண்டியவங்கதான். மர்யம்னு சொல்லுவோம். எங்க வேதத்துல பேர் சொல்லிக் குறிப்பிட்ட ஒரே பொம்பளை அவங்கதான். அவங்க எப்படிப் பெத்தாங்கன்னு எங்க பக்கம் சொல்றதைக் கேளு. ஆள் துணை இல்லாம, பேரீச்ச மரத்தைப் பிடிச்சுக்கிட்டு, வலி தாங்காம, இதுக்கு முன்னாடியே நான் செத்துப் போயிருக்கக் கூடாதான்னு கதறினாங்க. மர்யமே கதறினாங்க! அவங்களைவிடப் பாவம் இல்லாத பொம்பளை எங்களுக்கும் கிடையாது. கதறினதுக்கு ஆண்டவன் கோவிச்சுக்கல. வருத்தப்படாதேன்னு சொல்லி, காலடியில தண்ணி விட்டான், மரத்துலேர்ந்து பழம் விழ வச்சான்."

மாமியார் எழுந்தே விட்டார். "நிறுத்துங்க! ஆண்டவரையே வெறும் நபின்னு சொல்றவங்க நீங்க. எங்க மாதாவைப் பத்தி நீங்க யாரு எங்களுக்குச் சொல்றதுக்கு? வெளிய போனதும் முதல் வேலை உங்க மேல புகார் கொடுக்கிறதுதான்."

"குடுங்கம்மா, தாராளமா குடுங்க. அதுக்கு முன்னாடி பேரப்பிள்ளையை உயிரோட வாங்கிக்கோங்க. மாதாவோட மகன் விஷயத்துல நமக்குள்ள ஒத்துவராது, நான் இல்லேங்கல. தாயோட வலிக்கு என்னம்மா சண்டை?"

அடுத்த வலி ஏறியது. அந்தப் பெண் முக்கக்காவையே பார்த்தாள்.

"தனியாவா?" என்றாள். அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அந்தக் கேள்விதான் முக்கக்காவை உலுக்கியது. பயம் வலியைப் பற்றி மட்டும் இல்லை.

"எங்க கதையில தனியா. உங்க கதையில பக்கத்துலயே மாதாவோட வீட்டுக்காரர் சூசையப்பர் நின்னாரு இல்ல? ஊர் என்ன பேசினாலும் கையை விடாத மனுஷன். உனக்கும் ஒருத்தன் வெளிய செருப்புத் தேய நடந்துகிட்டு இருக்கானே!" கதவை எட்டித் திறந்தாள். "ஏம்பா மெக்கானிக்! கையைக் கழுவிட்டு உள்ள வா. ஓடி வா!"

"ஒருத்தர்தான் இருக்கலாம்னு விதி" என்றார் மாமியார்.

"ஒரு விதியை மீறியாச்சு, இதையும் சேர்த்து எழுதுங்க!"

அவன் வந்தான். பேயறைந்த முகத்தோடு பெண்டாட்டியின் கையைப் பிடித்தான். அவள் அவனைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், கத்தினாள். அடக்கி அடக்கி வைத்த அத்தனையும் சேர்ந்து வந்த கத்தல். வராந்தாவில் போன நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்படித்தான்! என் தங்கம்! அதே மூச்சுல முக்கு! முக்கு!"

மூன்றாவது முக்கில் தலை வந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, முக்கக்கா விரலால் எடுத்துவிட்டாள். நாலாவதில் பிள்ளை முழுசாக வழுக்கிக் கையில் விழுந்தது. ஆண். நீலம் பாரித்துக் கிடந்தது. அழவில்லை.

மாமியாரின் கையில் ஜெபமாலை நின்றுவிட்டது. முக்கக்கா துணியால் முதுகைத் தேய்த்தாள், வாயைத் துடைத்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள். அவள் கதையில் மர்யமின் பிள்ளை தொட்டிலிலேயே வாய் திறந்து தாய்க்காகப் பேசும்.

"நீ பேச வேண்டாம்டா ராஜா. அழுதா போதும். உங்க அம்மாவுக்காக ஒரே ஒரு தடவை அழுடா" என்றாள். அவள் குரலே உடைந்துவிட்டது.

காற்றுப் பையை எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதில் ஒரு இருமல். பிறகு வீல் என்று ஒரு அழுகை. மெக்கானிக் கட்டில் விளிம்பில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்தப் பெண் மட்டும் சிரித்தாள்.

எல்லாம் சுத்தம் செய்து முடித்து, டாக்டரும் வந்து பார்த்துவிட்டுப் போனபோது மணி பன்னிரண்டரை. முக்கக்கா வராந்தாக் கோடியில் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மாமியார்.

"கண்காணிப்பாளர் அறை கீழ, வலது பக்கம் ரெண்டாவது கதவு" என்றாள் முக்கக்கா, திரும்பாமலே.

அந்த அம்மாள் நகரவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நிஜமாவே கத்தினாங்களா, மாதா?"

முக்கக்கா குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். "எங்க பக்கம் அப்படித்தான்மா. உங்க பக்கம் வேற. நான் உங்க நம்பிக்கையைக் குறை சொல்ல வரல."

"தெரியும்." அவர் ஜெபமாலையை விரலில் இறுக்கிச் சுற்றினார். விறைப்பெல்லாம் போய், முகம் கோணிக்கொண்டு வந்தது. "நாலு பிள்ளை பெத்தேன் சிஸ்டர். என் மாமியார் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க. வாயில துணியை வச்சு அடைச்சுக்கிட்டேன். ஒரு தடவைகூடக் கத்தல."

முக்கக்கா ஈரக்கையைத் துடைக்காமலே அந்த அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவது பிள்ளை தங்கல" என்றார் அவர். "அன்னிக்காவது கத்தியிருக்கலாமே."