கடல்குதிரைக்கு ஒரு திருத்தம்

கதை முடிந்தும் பக்கம் முடியாத இடத்தில் உலகத்தைக் கொண்டுவந்து அடைப்பதுதான் துணுக்கு எழுதுகிறவளின் தொழில். மைசூர்த் தமிழ்க் குடும்பங்களுக்காக அங்கே விஜயநகர் பகுதியில் ஒரு வீட்டு மாடியிலிருந்து மாத இதழ் ஒன்று வருகிறது. சனிக்கிழமைகளில் அங்கே எனக்கு இந்த வேலை; மற்ற நாட்களில் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் முதுகலை. சேரும்போதே ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்: என் பெயர் போட்ட துணுக்கில் ஒரு பொய் வந்தாலும் நின்றுவிடுவேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான அவர் "அதுக்கென்னம்மா" என்றார். "அதுக்கென்னம்மா" என்பது சம்மதம் ஆகாது என்று, உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

மைசூர்பாகுக்குக் கீழே

ஆஸ்திரேலியாவில் வொம்பாட் என்றொரு பிராணி. வளை தோண்டும், புல் தின்னும், கனசதுரமாகச் சாணம் போடும். எல்லாம் உண்மை. எழுதிக் கொடுத்தேன். பக்கம் வடிவமைக்கிற டேவிட் அண்ணாவுக்குத் துணுக்கில் என்ன இருக்கிறது என்பது முக்கியமில்லை. எத்தனை வரி என்பதே முக்கியம். அந்த மாதம் ஐந்து வரி இடம் மைசூர்பாகு செய்முறைக்குக் கீழே இருந்தது. 'ஆறியதும் சதுரமாக வெட்டவும்' என்று செய்முறை முடிய, அடுத்த வரியில் என் வொம்பாட் ஆரம்பித்தது.

செய்முறை எழுதிய விமலா ஆன்ட்டி போன் செய்தார். அறிவியலில் அருவருப்புக்கு இடமில்லை என்று கால்மணி நேரம் வாதாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அறிவியல் சரிம்மா. நேத்து கிளறின பாகு யாரும் தொடாம தட்டோட இருக்கு. வந்து நீயே சாப்பிட்டுட்டுப் போ."

சுக்கிரனில் வருஷம் சின்னது

வெள்ளிக் கிரகம் தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் சூரியனையே ஒருமுறை சுற்றிவிடும். அங்கே வருஷம் நம்முடையதைவிடச் சின்னது. இந்த முறை சமையல் பக்கமே வேண்டாம் என்று சண்டை போட்டேன். டேவிட் அண்ணா நியாயமானவர். ராசிபலனுக்குக் கீழே வைத்தார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் அழைத்தார். கிரகம் என்பது ஒரு பாறை உருண்டை, அதற்கும் நம் வீட்டு வரவுசெலவுக்கும் சம்பந்தமே கிடையாது என்று ஆதியோடந்தமாக விளக்கினேன். நடுவில் குறுக்கிடவே இல்லை. சந்தேகம் தீர்ந்ததா என்று கேட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும்மா. எனக்குச் சுக்கிர தசை நடக்குது. இருபது வருஷம்னு ஜோசியர் சொல்லியிருக்கார். அது நம்ம வருஷமா, அந்த ஊர் வருஷமா?"

வளைகாப்பு வாழ்த்து

கடல்குதிரையில் ஆண்தான் பிரசவிக்கும். பெண் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். நான் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த துணுக்கு இதுதான். பரீட்சை நேரம், எங்கே வைக்கிறார்கள் என்று போய்ப் பார்க்கவில்லை. இதழ் வந்தது. பதினான்காம் பக்கத்தில் பெரிதாக ஒரு வளைகாப்பு வாழ்த்து. கை நிறைய வளையலோடு ஒரு பெண், பக்கத்தில் கணவர். அதற்குக் கீழே, 'கடல்குதிரையில் பெண்தான் பிரசவிக்கும்.' அதற்கும் கீழே என் பெயர். வகுப்பில் இதழ் கைமாறியது. பக்கத்து பெஞ்சுக்காரி, "என்னடி, கடல்குதிரையும் திருந்திடுச்சா?" என்றாள்.

மாடி ஏறினேன். அச்சுப்பிழை என்பார்கள் என்று நினைத்தேன். ஆசிரியர் தாமே மாற்றியதாக, ஏதோ உபகாரம் செய்தவர்போல் சொன்னார். திருத்தம் போடாவிட்டால் இன்றே விலகுகிறேன் என்றேன். "ஹோக்லி பிடும்மா, போனாப் போகட்டும், கடல்குதிரையா வந்து கேக்கப் போகுது?" என்று டேவிட் அண்ணா சமாதானம் செய்தார். நான் அசையவில்லை. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வளைகாப்பு வாழ்த்துக்குக் கீழ ஆம்பளை பிரசவிக்கும்னு போட்டுட்டு, அந்த மாப்பிள்ளை முகத்துல நான் எப்படிம்மா முழிப்பேன்?"

பதினான்காம் பக்கம்

கடைசியில் திருத்தத்துக்கு ஒத்துக்கொண்டார். வெற்றி. ஆறு வரி எழுதினேன்: எந்தப் பக்கம், எந்தப் பிராணி, பை எங்கே இருக்கிறது, தவறு என்னுடையதல்ல. அச்சுக்குப் போகிற நேரத்தில் ஒரு தையல் மெஷின் விளம்பரம் வந்துவிட்டது. டேவிட் அண்ணா போன் செய்தார்: ரெண்டு வரிதான் இடம், எதை வெட்டட்டும்? நான் ஆய்வுக்கூடத்தில் கையுறையோடு நின்றிருந்தேன். "உண்மையை மட்டும் விட்டுட்டு மத்ததை வெட்டுங்கண்ணா" என்றேன்.

அவர் சொன்னபடியே செய்கிறவர். 'சென்ற இதழ், பதினான்காம் பக்கம்: பெண் பிரசவிக்கும் என்று இருப்பதை ஆண் பிரசவிக்கும் என்று திருத்தி வாசிக்கவும்.' ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. கடல்குதிரை மட்டும் இல்லை.

சனிக்கிழமை போன் அடித்தது. ஆசிரியர் என்னைப் பார்த்தார், நானே எடுத்தேன். அந்த வளைகாப்புப் பெண். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்: "ரொம்ப தேங்க்ஸ்ங்க. எனக்கு முழுச் சம்மதம். எங்க வீட்டுக்காரர்தான், இது எந்த மாசத்துலேர்ந்து அமலுக்கு வருதுன்னு கேக்கறார்."

ஒரு பொய் வந்தாலும் நின்றுவிடுவேன் என்ற நான் இன்னும் சனிக்கிழமை தவறாமல் மாடி ஏறிக்கொண்டிருப்பதையும் உலக விநோதங்களில் சேர்க்கலாம், எந்த வாழ்த்துக்குக் கீழேயாவது நாலு வரி இடமிருந்தால்.