நிற்கப் பயந்த மோட்டார் சைக்கிள்

முன்பு என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. பிரேக் பிடித்து ஒரு கணம் நின்றால் போதும், எஞ்சின் அணைந்துவிடும். பிறகு கால் ஓயும்வரை உதைக்க வேண்டும். "இனி இதிலை திருத்த ஒண்டுமில்லை அண்ணை" என்று பைக் திருத்தும் கராச்சிலும் கைவிட்டார்கள். அதனால் எந்தச் சந்தியிலும் நிற்காமல், மெதுவாக உருட்டிக்கொண்டே கடந்துவிடப் பழகினேன். கடைசியில் அலுத்துப்போய் அதை விற்று, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் ஒன்றை வாங்கினேன்.

போன மாதம் மனைவியோடு சண்டிலிப்பாயிலிருந்து மயிலிட்டிக்கு மீன் வாங்கப் போனேன். வழியில் காவலாளி இல்லாத ரயில் கடவை. வழக்கம்போல நிற்காமலே தண்டவாளத்தைக் கடந்தேன். அடுத்த கணம் எங்கள் முதுகுக்குப் பின்னால் ரயில் இரைந்துகொண்டு போனது.

ஓரமாக நிறுத்தினேன். மனைவி இறங்கி, போன ரயிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பழசை வித்தாச்சு எண்டு நினைச்சன். அது இன்னும் உங்கடை கையிலைதான் இருக்கு."

இப்போது கடவை வந்தால் எஞ்சினையே அணைத்துவிட்டு இரண்டு பக்கமும் பார்க்கிறேன். பிறகு பட்டனை அழுத்துகிறேன். இதுவரை ஒருநாளும் அது ஏமாற்றியதில்லை. ஆனாலும் அழுத்தும்போதெல்லாம் என் வலது கால் உதைப்பதற்குத் தயாராக எழும்புகிறது.