பச்சைச் சுவருக்கு முன்னால்

கற்பிட்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கூடப்பிறந்த என் மூத்த நானாவுக்கு ஒரு கம்யூனிகேஷன் கடை இருந்தது. யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஆலங்குடாவில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்க வருகிற வெள்ளைக்காரர்கள், தங்கள் வீடியோக்களை இணையத்தில் ஏற்ற எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். கணினி என் பொறுப்பு. இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்று சொல்வதும் பொய்தான்.

அந்தக் காலத்தில் வீடியோ உலகத்தில் பெரிய சண்டை நடந்தது. ஒரு பக்கம் எச்.264. கைப்பேசிக்கும் கமராவுக்கும் ஏற்கெனவே பழகிப்போன சுருக்கும் முறை, ஆனால் அதற்கு உரிமைக்காரர்கள் இருந்தார்கள். மறுபக்கம் வெப்எம். புதிது, யாரும் இலவசமாகப் பாவிக்கலாம். இணைய வீடியோவின் எதிர்காலம் யார் கையில் என்று பெரிய கம்பனிகள் முட்டிக்கொண்டதைக் கடையில் வேலை இல்லாத நேரங்களில் ஒன்றுவிடாமல் வாசிப்பேன்.

என் எதிர்காலமோ கட்டாரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தது. மகள் பிறந்து நாற்பது நாள் கழிவதற்கு முன்பே என் கணவர் போய்விட்டார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்ததும் அங்கே ஒரு நெட் கடையில் உட்கார்ந்து, நான் ஏற்றி வைத்த மகளின் வீடியோவைப் பார்ப்பார். ஒரு தடவை பெருமைக்கு வெப்எம்மில் ஏற்றினேன். அந்தக் கடைக் கணினியில் வெறும் கறுப்புப் பெட்டிதான் தெரிந்ததாம். ஒரு வெள்ளிக்கிழமை வீணாய்ப் போனது. அதோடு எச்.264தான் என்று முடிவெடுத்தேன்.

முறை கிடைத்தாலும் எங்கள் இணையம் நத்தைதான். வீடியோவை நன்றாகச் சுருக்கினால்தான் ஏறும். சுருக்குவதன் சூட்சுமம் எளிது. படத்தில் அசையாமல் இருப்பதை ஒரு தடவைதான் எழுதி வைக்கும். அசைவதை மட்டும் திரும்பத் திரும்ப எழுதும். எங்கள் ஊர் மாம்புரியில் அசையாதது எது? கச்சான் காற்று தொடங்கினால் தென்னையும் நிற்காது, கடலும் நிற்காது, கொடியில் காயும் துணியும் நிற்காது. அந்தக் காற்றில் எடுத்ததைச் சுருக்கினால் மகளின் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அதனால் வீட்டுக்குள் பச்சை அடித்த சுவருக்கு முன்னால் பாய் போட்டு, மகளை இருத்தி, கையில் ஒரு மாரி பிஸ்கட்டைக் கொடுப்பேன். அவள் அதைத் தின்று முடிக்கும் நேரம்தான் வீடியோவின் நீளம். கண்ணிமைகூடத் துல்லியமாகத் தெரியும். பிஸ்கட் தீர்ந்ததும் எழும்பி ஓடுவாள், படம் உடையும். அந்த இடத்தில் வெட்டிவிடுவேன்.

மகள் பதினொரு மாதத்திலேயே நடந்தாள். போனில் அவரிடம் சொன்னேன். மாஷா அல்லாஹ் என்றார். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே சுவர், அதே பாய், அதே பிஸ்கட். போனில் அவர் கதைப்பது குறைந்துகொண்டே வந்தது. வேலைக் களைப்பு என்று நினைத்தேன். மகளுக்கு ஒன்றேகால் வயதாகும்போது ஒரு நாள் கடைக்குப் போன் எடுத்தார். புள்ளைக்குக் காலில் ஏதாவது குறையா என்று கேட்டார்.

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. நடக்கிறாள் என்று எத்தனை தடவை சொன்னேன், என்னைப் பொய்க்காரி என்று நினைத்தீர்களா என்று பொரிந்து தள்ளினேன். வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"வாப்பாட மௌத்த மறைச்ச மாதிரி இதையும் மறைக்காதீங்க. எதுவா இரிந்தாலும் நான் தாங்குவன்."

அவர் கட்டாருக்குப் போன மூன்றாம் மாதம் அவருடைய வாப்பா, என் மாமனார், மௌத்தானார். வெளிநாட்டில் தனியாக இருப்பவருக்குக் கெட்ட செய்தியை உடனே சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் எடுத்தபோது, வாப்பா தூங்குகிறார் என்று இரண்டு தடவை சொன்னது நான்தான். அடக்கி எட்டு நாளைக்குப் பிறகுதான் அவருக்குத் தெரியும். அப்படிச் சொன்ன அதே வாய்தான் மகள் நடக்கிறாள் என்றும் சொன்னது. அவர் எப்படி நம்புவார்? நான் வெட்டி எறிந்ததெல்லாம் மகள் எழும்பி நின்ற இடங்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அவர் அத்தனை வாரமும் அந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறார்.

கடையை நானாவிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், மகளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. மணலில் இறக்கிவிட்டுப் போனில் வீடியோ எடுக்கத் தொடங்கினேன். தள்ளாடி நடந்தாள், ஓடினாள், குப்புற விழுந்தாள். போனைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கினேன். அதன் பிறகு வீடியோவில் மணலும் என் சத்தமும்தான். அதையும் வெட்டவில்லை. கடைக்குக் கொண்டுவந்து பின்னேரம் அஸருக்கு ஏற்றத் தொடங்கியது, பொழுது சாய்ந்து மஃரிபுக்குத்தான் முடிந்தது. பார்த்தால் தென்னையும் கடலும் மகளும் ஒரே குழம்பு. நான் ஏற்றியதிலேயே மகா மோசமான வீடியோ அதுதான்.

வெள்ளிக்கிழமை வரை அவர் பொறுக்கவில்லை. மறுநாளே எடுத்தார்.

"முகம் தெரியல்ல," என்றார். "கால் தெரியுது. அல்ஹம்துலில்லாஹ்."

எழும்பி ஓடுகிற இடங்களை நான் வெட்டி வந்ததைச் சொன்னேன். "இனி ஒண்டும் வெட்ட வேணாம்," என்றார்.

நானும் அழுதேன், அவரும் அழுதார். இப்போது எந்த முறையில் சுருக்குகிறார்கள் என்று நான் தேடிப் பார்ப்பதில்லை. காற்றில் ஆடும் தென்னோலைகூடத் தெளிவாகப் போய்ச் சேர்கிறது. அந்த வீடியோவுக்கு அடுத்த வருடம் என் உம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து புத்தளம் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, அவருக்கு இப்போது சொல்லாதே என்று வீட்டில் அத்தனை பேரும் தடுத்தார்கள். நான் வார்டுக்கு வெளியே வந்து, அந்த நிமிடமே அவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.