சித்தி போட்டுக்கொண்ட ஊசி

ஹர்த்தால், ஊரெங்கும் கடையடைப்பு என்று பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாளில்தான் என் காலில் ஆணி ஏறியது. வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. மாட்டுக் கொட்டகைப் பக்கம் கிடந்த பழைய பலகையின் மேல் குதித்தேன். துருப்பிடித்த ஆணி செருப்பைத் துளைத்துப் பாதத்துக்குள் போய்விட்டது. எனக்கு அப்போது பதினொரு வயது.

அம்மா ஆணியைப் பிடுங்கி, காயத்தில் காப்பித்தூளை அப்பி, சேலைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். ரத்தம் நின்றதும் பெரிய வைத்தியம் பார்த்துவிட்ட நிம்மதி அவளுக்கு. அடுத்த வீட்டிலிருந்து அவள் தங்கை, என் சித்தி, வரும்வரைதான் அது நீடித்தது. சித்தி வந்ததும் கட்டை அவிழ்த்தாள்.

"ரத்தந்தான் நின்னுட்டுல்லா, பெறகு என்னட்டி?" என்றாள் அம்மா.

"உள்ள துருவும் சாணியும் கெடக்குல்லாக்கா. ரண ஜன்னி வந்து தாடை பூட்டிக்கிட்டா என்ன செய்வ?"

குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தாள். என் கூச்சலில் லயமே வெளியே வந்து நின்றது. சித்தி காலை விடவில்லை.

ஜீப் எதுவும் ஓடவில்லை. காய்ச்சலில் கிடந்த தம்பியை விட்டு அம்மாவால் வர முடியாது. நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். சித்தி என் காலில் சுத்தமான துணியைச் சுற்றி, என்னைக் கூட்டிக்கொண்டு தேயிலைச் சரிவின் குறுக்குப் பாதையில் ஆஸ்பத்திரிக்கு இறங்கினாள். அவள் தோளைப் பிடித்து நொண்டினேன். செங்குத்தான இடங்களில் முதுகில் சுமந்தாள். வழியில் ஒருமுறை செடியோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். என் காயத்தைப் பார்த்துத்தான் குமட்டுகிறது என்று நினைத்துக் காலை மறைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர், "மோளே, கரையண்டா", அழாதே மகளே, என்று என் கண்ணைத் துடைத்துவிட்டு, காயத்தை மறுபடி கழுவினார். சின்ன வயதில் போட்டதற்குப் பிறகு எனக்கு ஊசியே போடவில்லை என்று சித்தி சொன்னதும் ரண ஜன்னிக்கான டி.டி. ஊசி போட்டார். அப்புறம் சித்தியிடம் மலையாளத்தில் ஏதோ மெதுவாகக் கேட்டார். சித்தி வெட்கத்தோடு தலையாட்டினாள். சிஸ்டர் அவளைச் செல்லமாகத் திட்டி, இன்னொரு ஊசி எடுத்தார்.

"ஒனக்கு எதுக்கு சித்தி?"

"ஒனக்குத் தொணைக்குத்தாம்ட்டி" என்று முகம் சுளிக்காமல் கையை நீட்டினாள்.

எனக்காக ஊசி குத்திக்கொண்ட சித்தி என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கேட்ட பெண்கள் சிரித்தார்கள். சித்தியின் வயிற்றில் இருந்த, இன்னும் பிறக்காத என் தங்கச்சிக்கும் ரண ஜன்னி வராமலிருக்கப் போட்ட ஊசி அது என்று அப்போது எனக்குத் தெரியாது.