நுனி முறித்த மரங்கள்

அன்று தோட்டத்தில் நின்றவர்கள்: மரம் வளர்த்தவர், அவர் மனைவி, மரம் வாங்க வந்த சிங்கப்பூர் அன்ரி, அன்ரியைக் காரில் கூட்டிப்போன நான்.

புறநகரான குவேக்கர்ஸ் ஹில்லுக்கு அப்பால் சொந்த நிலத்தில் அவர் கிறிஸ்மஸ் மரம் வைத்திருந்தார். ஒல்லியான மனிதர். கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே எதையாவது கிள்ளுவார். இதை நம்பித் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தார். நாலு வருஷம் வளர்த்த பைன் மரங்கள். அதுதான் முதல் விற்பனை.

அன்ரி சுற்றிப் பார்த்தார். "என்ன அண்ணே, ஒண்ணுக்கும் உச்சியே இல்ல. ஸ்டார எங்க வைக்கிறது?"

"நுனி முறிச்சால்தான் தடிக்கும். ஊரிலை புகையிலைக்கு அப்பிடித்தான் செய்தனாங்கள்."

"எல்லாத்துக்கும் முறிச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். ஒண்டையும் விடேல்லை."

"பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரனிட்டைக் கேளுங்கோ எண்டு சொன்னனான்," என்றார் மனைவி. "இந்த மனுசன் மரத்தோடைதான் கதைக்கும்."

அவர் ஒரு மரத்தின் பக்கக் கிளையை நிமிர்த்தி, தடி வைத்து உச்சிபோல நேராகக் கட்டினார்.

"இப்ப வையுங்கோ பாப்பம்."

அன்ரி சிரித்துக்கொண்டு அதையே வாங்கினார். அவர் அடுத்த மரத்துக்குப் போனார். நான் தடி வெட்டிக் கொடுத்தேன். பொழுது சாயும்வரை ஒரு வார்த்தை புலம்பாமல் கட்டினார்.

நூற்று நாற்பத்தாறு மரம்.